ஹெமல் ஹெம்ஸ்டெட்டில் ஒரு வீடும் இரண்டு ரகசியங்களும்

லண்டனுக்கு நான் போனது கிரைண்டர் விற்பதற்காக. கோயம்புத்தூரில் என்னுடையது சின்னப் பட்டறை. மேசைமேல் வைத்து மாவாட்டும் சிறிய கிரைண்டர் செய்கிறோம். லண்டனில் தமிழ்க் கடைகள் பெருத்துவிட்டன, அங்கே நம் ஆட்கள் தோசை இல்லாமல் தூங்குவதில்லை என்று யாரோ சொன்னதை நம்பினேன். 2009ஆம் வருடம், உலகத்தில் எவனும் எதையும் வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, ஒரு சாம்பிள் கிரைண்டரைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். நேரம் பார்ப்பதில் என் திறமை அப்படி.

ஹீத்ரோவில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து கல்லைத் தட்டிப் பார்த்தார். "இது என்ன?" என்றார். சமையலறைச் சாமான் என்றேன். "கருங்கல்லிலா?" என்றார். ஆமாங்க என்றேன், தமிழிலேயே. அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் கல்லைச் சுமந்து வந்தவனிடம் இனி என்ன கேட்பது என்று அனுப்பிவிட்டார்கள்.

ரெய்னர்ஸ் லேனில் ஞானசேகரன் வீட்டில் தங்கினேன். ஞானமும் நானும் கோவையில் பாலிடெக்னிக் படித்தபோது ஒரே அறை. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவன், ஊருக்குத் திரும்ப முடியாமல் ஜெர்மனிக்குப் போய், அங்கே பல வருடம் இருந்துவிட்டு, மகளின் படிப்புக்காக லண்டன் வந்து சேர்ந்தான். மகள் இப்போது மான்செஸ்டரில் படிக்கிறாள். அவன் யூஸ்டன் பக்கம் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பராமரிக்கிறான். மனைவி ரஜனிக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை.

அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. போரின் கடைசி நாட்களில் வன்னியில் ரஜனி யாரையெல்லாம் இழந்தாள் என்பதை ஞானம் விமான நிலையத்திலேயே தணிந்த குரலில் சொல்லிவிட்டு, "நீ அவளிட்டை ஒண்டும் கேளாதை மச்சான்" என்றான். நான் கேட்கவில்லை.

முதல் ராத்திரி இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். கோட்டும் மப்ளரும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். காரணம், அந்தக் குளிரில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. வாடகை வீடு, கறி மணம் சுவரில் ஒட்டினால் வீட்டுக்காரன் முன்பணத்தில் பிடித்துக்கொள்வானாம். நம் ஊரில் வீட்டுக்காரர் மணம் பிடித்தால் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு நேரே வந்துவிடுவார்.

இந்த வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. வாடகைக்கு விட்டவன் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் வீட்டை விற்கப் போகிறான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. லண்டனுக்கு வந்த பிறகு இது அவர்களுக்கு நாலாவது வீடு. ஜெர்மனியில் எத்தனை என்று கேட்டேன். ரஜனி விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுச் சொதி ஊற்றினாள்.

மறுநாள் காலை ஞானம், "இண்டைக்கு உனக்கு ஒரு வடிவான இடம் காட்டுறன். வெளிக்கிடு" என்றான். வாசலில் கார் ஏறும்போது மூன்று வீடு தள்ளிக் கடை வைத்திருக்கும் தேவராசா அண்ணன் எதிரே வந்தார். அந்தப் பகுதியில் பெரிய தமிழ்க் கடை அவருடையது, குடியிருப்பு கடைக்கு மேல்மாடியில். ஞானத்துக்கு அவர்தான் உயிர்ச் சிநேகிதர். எனக்கு அவர்தான் வருங்கால வாடிக்கையாளர். "எங்கை குடும்பமா வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டார்.

"இவருக்கு ஒரு அரண்மனை காட்டப் போறம் அண்ணை" என்றான் ஞானம், கண்ணைச் சிமிட்டாமல்.

அரண்மனை என்றதும் நான் ஓடிப்போய் டை கட்டிக்கொண்டு கேமராவையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

லண்டன் முடிந்தது. வயல் வந்தது, செம்மறியாடு வந்தது, அரண்மனை வரவில்லை. கடைசியில் ஹெமல் ஹெம்ஸ்டெட் என்று ஓர் ஊர். காலையில் பாதி ஊர் ரயிலேறி லண்டனுக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்பி வந்து தூங்கும் ஊர். அங்கே ஒரு ரவுண்டானா இருக்கிறது. பெரிய வட்டம் ஒன்று, அதைச் சுற்றி ஆறு குட்டி வட்டங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். ஜெர்மனியில் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய ஞானத்துக்கு ஒரு வட்டத்திலேயே வியர்க்கும். எங்கள் கார் நவக்கிரகம் சுற்றுவது போலச் சுற்றியது. ஒரே பெட்ரோல் பங்க் மூன்று முறை வந்து போனது. அங்கே நின்ற ஒரு கிழவர் மூன்றாவது தடவை எங்களுக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

ஒருவழியாக ஒரு தெருவில் நிறுத்தினான். எல்லா வீடும் ஒன்றுபோல, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றின் வாசலில் விற்பனைப் பலகை.

"அரண்மனை எங்கேடா?"

"இதுதான்" என்றான்.

பிறகு காருக்குள் வைத்து எனக்குப் பாடம் நடந்தது. அவனுடைய கொள்கை இது: லண்டனிலிருந்து ரயில் எத்தனை ஸ்டேஷன் தள்ளிப் போகிறதோ, அதே காசுக்கு அத்தனை அறை கூடும். ரெய்னர்ஸ் லேனில் அவனிடம் இருக்கும் காசுக்குக் கார் ஷெட் வரும். வாட்ஃபோர்டில் ஒரு பிளாட். இங்கே மூன்று படுக்கையறையும் தோட்டமும். "அப்படியே போனா ஸ்காட்லாந்தில கோட்டையே வாங்கலாமேடா" என்றேன். "வாங்கலாம். ஆனா யூஸ்டன் வேலைக்கு முதல் நாளே வெளிக்கிட வேணும்" என்றான். மிச்சம் பிடிக்கும் காசில் பாதியை ரயில் சீசன் டிக்கெட் தின்றுவிடும் என்று ரஜனி பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். முந்தி வங்கிக்காரன் வீதியில் போகிறவனைக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தானாம். இப்போது விலை விழுந்த பிறகு, வீட்டு விலையில் கால்வாசியை நீயே கொண்டுவா என்கிறானாம். விலை கைக்கு எட்டும் நேரத்தில் கடன் எட்டவில்லை. ஞானம் ஜெர்மனியில் சேர்த்ததையெல்லாம் திரட்டி அந்தக் கால்வாசியைத் தயார் செய்திருந்தான். இந்த ஒரு வீட்டுக்குத்தான் அது போதும்.

"இஞ்சை பார் மச்சான், வீடு வாங்கிறது ஒருத்தருக்கும் தெரியப்படாது. கையிலை திறப்பு வாற வரைக்கும் மூச்சு விடப்படாது. கண்ணூறு பட்டா எல்லாம் போச்சு. தேவராசா அண்ணைக்குக் கூட நான் சொல்லேல்லை. சத்தியம் பண்ணு."

வீட்டுச் சாவி அவன் கைக்கு வரும் வரை வாய் திறப்பதில்லை என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"இன்னொண்டு. உள்ளுக்குப் போய் ஒண்டையும் நல்லாக் கிடக்கு எண்டு சொல்லிப்போடாதை. சொன்னா விலையும் ஏறும், கண்ணூறும் படும். குறைதான் சொல்ல வேணும்."

குறை சொல்வதென்றால் கோயம்புத்தூர்க்காரனுக்குப் பயிற்சி தேவையில்லை. நாங்கள் இலவசமாகக் கொடுத்தாலும் இரண்டு குறை சொல்லிவிட்டுத்தான் வாங்குவோம்.

கதவைத் திறந்தவன் வீட்டு ஏஜென்ட் சைமன். கூர்மூக்கு ஷூவும் தலையில் எண்ணெய் போன்ற ஏதோ ஒன்றும். நம் ஊர் புரோக்கர் மொபெட்டில் வந்து, "கார்னர் சைட்டுங்க, தண்ணி சர்க்கரையாட்டம் இனிக்கும்" என்று சத்தியம் செய்வார். சைமன் அப்படியெல்லாம் பேசவில்லை. மாதக்கணக்கில் எதுவும் விற்காததால் மிகவும் பணிவாக இருந்தான். நான் உட்கார்ந்தால் நாற்காலியைப் பிடித்தான்.

வீட்டுக்காரி டோரத்தி, எழுபது தாண்டிய அம்மாள். கணவர் இறந்துவிட்டார், கடற்கரை ஊரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார். எங்களுக்காகக் கேக் செய்து, நல்ல பீங்கானில் தேநீர் வைத்திருந்தார். ஞானம் கேக்கைத் தின்றுகொண்டே சமையலறை சின்னது என்றான். மாடிப்படி செங்குத்து என்றான். நான் என் பங்குக்குச் சுவரைத் தட்டி, "இது செங்கலா, அட்டையா?" என்று கேட்டேன். குழாயைத் திறந்து தண்ணீர் ஒல்லியாக வருகிறது என்றேன். டோரத்தி அம்மாள் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்றார். கடைசி அப்படியாவுக்குக் குரலே வரவில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இரண்டாவது துண்டு கேக் வாயில் இருந்தது.

ரஜனி மட்டும் குறை சொல்லவில்லை. சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. எப்படி இருக்கிறது என்று சைமன் கேட்டதற்கு, "அவர் சொல்லுறதுதான்" என்று கணவனைக் காட்டினாள்.

அடுத்த நாள் தேவராசா அண்ணன் கடைக்குப் போய் மிளகாய் மூட்டைக்கும் வாழைப்பூவுக்கும் நடுவில் கிரைண்டரை வைத்து உளுந்து ஆட்டிக் காட்டினேன். சனம் கூடியது. ஒரு சின்னப் பெண் ஆங்கிலத்தில், "மாமா, இது வாஷிங் மெஷினா?" என்று கேட்டது. அண்ணன் மாவை விரலால் தொட்டுப் பார்த்து, "நல்ல பதம்" என்றார். ஆர்டர் பேசலாமா என்றேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"ஆர்டர் பிறகு கதைப்பம் தம்பி. நாளைக்கு என்னோடை ஒரு இடத்துக்கு வாரும். ஞானத்துக்குக் கோழிப் பண்ணை பார்க்கப் போறம் எண்டு சொல்லுவம்."

வியாழக்கிழமை அவருடைய வேனில் முன்னால் அண்ணனும் மனைவி மல்லிகா அக்காவும், பின்னால் பொன்னி அரிசி மூட்டைகளும் நானும். வேனுக்குப் பின்னால் ஜன்னல் கிடையாது. எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. ஆனால் வேன் சுற்றத் தொடங்கியதும் வயிறு சொல்லிவிட்டது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம், என் மேல் ஒரு மூட்டை, மறுபடி வட்டம். இந்தச் சுற்று எனக்குப் பழக்கமான சுற்று.

கதவு திறந்தது. அதே தெரு, அதே வீடு, அதே பலகை.

"உமக்கு மட்டும்தான் சொல்லுறன். விலை விழுந்து கிடக்கு, இப்ப வாங்கிப் போட்டா வாடகைக்கு விடலாம். ஞானத்துக்குக் கூடச் சொல்லேல்லை. கண்ணூறு. சத்தியம் பண்ணும்" என்றார் அண்ணன்.

இரண்டாவது சத்தியமும் செய்தேன். ஆர்டர் வேண்டுமே.

சைமன் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் தீபாவளி ஆனது. "மிஸ்டர் ஷான்! திரும்பவும் நீங்களா!" என் பெயரை முதல் நாளே அவன் அப்படிச் சுருக்கியிருந்தான். நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் உதட்டில் விரலை வைத்தேன். சைமன் அதற்குத் தன் தொழில்முறையில் அர்த்தம் எடுத்துக்கொண்டான். இந்தியாவிலிருந்து வந்த பெரும் முதலாளி, ஆள் வைத்து வீடுகளைப் பார்க்கிறார், வெளியே தெரியக் கூடாது. அன்று முழுவதும் எனக்கு மட்டும் இரண்டு பிஸ்கட் கூடுதலாக வந்தது. டோரத்தி அம்மாள் இந்த முறை கேக் செய்யவில்லை.

அண்ணனும் குறை சொன்னார். "தோட்டம் பெரிசு, ஆர் புல்லு வெட்டுறது?" மல்லிகா அக்கா திரைச்சீலையைத் தூக்கிப் பார்த்து, "சீ, மங்கிப் போச்சு" என்றார். சைமன் என்னிடம் தனியாக, உங்கள் நாட்டில் பிடித்த வீட்டைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டான். "இதைத்தான்" என்றேன்.

இருவரும் அந்த வீட்டுக்குச் சைமனிடம் விலை சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நரகம். ஒவ்வொரு மாலையும் அண்ணன் ஞானம் வீட்டுக்கு முருங்கைக்காயோடு வருவார். மூன்று பேரும் சீட்டு விளையாடுவோம். நடுவில் ஞானத்தின் போன் அடிக்கும். "பிள்ளையின்ரை யுனிவர்சிட்டியில இருந்து" என்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்துவான். திரும்பி வந்து உட்காருவான். சற்று நேரத்தில் அண்ணனின் போன். "சாமான் லொறி வருது" என்று வாசலுக்குப் போவார். திரும்பி வருவார். மறுபடி ஞானத்தின் போன். வேறு ஒருவர் விலையைக் கூட்டிவிட்டார் என்று சைமன் சொல்ல, இவன் கூட்டுவான். பிறகு அவர் கூட்டுவார். ஒரே மேசையில், ஒரே தட்டு முறுக்கைத் தின்றுகொண்டு, இரண்டு உயிர்ச் சிநேகிதர்கள் ஒருவரையொருவர் ஏலத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்.

"என்னடா, துரும்பு போடாமல் முழுசிக்கொண்டிருக்கிறாய்?" என்றான் ஞானம்.

நாடு முழுக்க வீட்டு விலை படுத்துக் கிடந்தது. பஸ்ஸில், ரயிலில், முடிவெட்டும் கடையில் எல்லாரும் இழவு வீடு மாதிரி அதையே பேசினார்கள். ஹெமல் ஹெம்ஸ்டெட்டின் ஒரே ஒரு தெருவில் மட்டும் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காலை ஞானம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மார்க்கெட் திரும்புது மச்சான்" என்றான் கவலையோடு. மார்க்கெட் எங்கும் திரும்பவில்லையடா, நீயும் மூன்று வீடு தள்ளி இருக்கும் இன்னொரு மடையரும்தான் மார்க்கெட் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. சத்தியம் தடுத்தது.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "தேவராசா அண்ணன் அனுபவஸ்தர். அவரிடம் ஒரு வார்த்தை கேளேன்" என்றேன். "அவரிட்டையோ? அவருக்குச் சொன்னா ஹவுன்ஸ்லோ வரைக்கும் தெரிஞ்சிடும்" என்றான். அண்ணனிடம் போய், "ஞானத்திடம் கலந்து பேசலாமே" என்றேன். "அவன்ரை வாய் உமக்குத் தெரியாது தம்பி" என்றார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சைமன் இருவருக்கும் போன் செய்து வேறு விஷயம் சொன்னான். டோரத்தி அம்மாள் மனம் ஒடிந்து போயிருக்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாழ்ந்த வீடு. வருகிறவர்கள் எல்லாரும் அதைத் திட்டிவிட்டுத் திட்டிவிட்டு விலையைக் கூட்டுகிறார்கள், இவர்களுக்கு இந்த வீடு பிடிக்கவில்லை, இடித்துவிட்டு ஏதோ கட்டப் போகிறார்கள் என்று அழுகிறார். நாளை பதினொரு மணிக்கு உண்மையாக விருப்பம் உள்ளவர்கள் நேரில் வரட்டும், இல்லாவிட்டால் பலகையை இறக்கிவிடுவேன் என்கிறார்.

ஞானம் என்னை வரச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் போன் செய்து என்னை வரச் சொன்னார். இருவரிடமும், காலையில் ஹாரோவில் ஒரு கடைக்குக் கிரைண்டர் காட்ட வேண்டும், முடித்துவிட்டு ரயிலில் வந்துவிடுகிறேன் என்றேன். இதுவும் பொய்தான். அந்த வாரத்தில் எனக்கும் பழகிவிட்டது.

அன்றிரவு ரஜனி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "அண்ணை, அந்த வீடு உங்களுக்குப் பிடிச்சுதோ?"

"என்னை விடும்மா. உனக்கு?"

"எனக்கென்ன. அவர் பார்ப்பார்." பிறகு குழாயை நிறுத்தினாள். "இந்த வருசம் ஒரு நல்லதாவது நடக்க வேணும் அண்ணை. ஒண்டாவது."

இந்தப் பெண்ணுக்காகவாவது நாளை ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று நினைத்தேன். என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

சனிக்கிழமை ஹாரோவில் ரயில் இல்லை. தண்டவாளத்தில் வேலையாம். பதிலுக்கு ஒரு பஸ் விட்டிருந்தார்கள். நம் ஊரில் ரயில் நின்றால் ஜனம் ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடிப் போகும். இங்கே எல்லாரும் வரிசையில் நின்று ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பஸ், ரயில் நிற்கும் எல்லா ஊருக்குள்ளும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. பின் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "போன வருடம் வரைக்கும் என் வீடு என்னைவிட அதிகமாகச் சம்பாதித்தது" என்றாள் ஒருத்தி. "இப்போது?" "இப்போது என் கணவர் மாதிரி. வீட்டில் இருக்கிறது, ஒன்றும் சம்பாதிப்பதில்லை."

நல்லவேளை, பஸ் ரவுண்டானாவைத் தொடாமல் வேறு வழியில் போயிற்று.

தெருமுனைக்கு நான் வந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. இந்த முனையில் ஒரு மரத்துக்குப் பின்னால் ஞானத்தின் கார். அந்த முனையில் ஒரு குப்பைத் தொட்டிக்குப் பின்னால் அண்ணனின் வேன். வேனில் அவருடைய கடைப் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது, அதன் முன் அந்தத் தொட்டி இடுப்பளவு. இருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானம் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். அண்ணன் ஹெட்லைட்டைப் போட்டு அணைத்தார்.

இந்தப் பக்கம் போனால் ஒரு சத்தியம், அந்தப் பக்கம் போனால் இன்னொரு சத்தியம். நான் எந்தப் பக்கமும் போகவில்லை. நடுவில் நடந்து போய், நேராக டோரத்தி அம்மாள் வீட்டு மணியை அடித்தேன். அடித்த விரலை எடுக்கவேயில்லை.

இரண்டு பக்கமும் கதவு சாத்தும் சத்தம், ஓடிவரும் சத்தம். கேட்டில் மோதிக்கொண்டார்கள்.

"அண்ணை! நீங்கள் எங்கை இஞ்சாலை?"

"நானோ? கோழி பார்க்க வந்தனான். நீ?"

"இவனுக்கு அரண்மனை காட்ட."

இருவரும் தெருவை ஒரு பார்வை பார்த்தார்கள். கோழியும் இல்லை, அரண்மனையும் இல்லை. பின்னால் மல்லிகா அக்காவும் ரஜனியும் வந்து, ஒருவரையொருவர் பார்த்து, என்ன பொய் சொல்வதென்று தெரியாமல் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் கதவைத் திறந்த சைமன், "மிஸ்டர் ஞானா, மிஸ்டர் தேவா, இரண்டு பார்ட்டியும் வந்தாயிற்றா, உள்ளே வாருங்கள்!" என்று உரக்க வரவேற்றான்.

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லலைங்க. மணிதான் அடிச்சேன்" என்றேன்.

"உம்முடைய கிரைண்டரை நீரே வைச்சு ஆட்டும்!" என்றார் அண்ணன்.

இனிச் சண்டை வரும், இரண்டு திட்டோடு விஷயம் முடியும் என்று நினைத்தேன். நடந்தது அதைவிட மோசம். இருவருக்கும் மரியாதை வந்துவிட்டது.

"நீங்கள் எடுங்கோ அண்ணை. நீங்கள் மூத்தவர்."

"விசர்க் கதை கதையாதை. நீ எடு. எனக்கு இருக்க இடம் கிடக்கு."

"இல்லை அண்ணை, உங்கடை கண் பட்ட வீடு…"

"என்ரை கண்ணோ? அப்ப என்ரை கண் கெட்ட கண்ணெண்டு சொல்லுறாய்?"

"ஐயோ, அப்படிச் சொல்லேல்லை. எனக்கு வேண்டாம்."

"எனக்கும் வேண்டாம்."

சைமன் என் கையைப் பிடித்தான். "என்ன சொல்கிறார்கள்? விலையைக் கூட்டுகிறார்களா?"

"இல்லை. இரண்டு பேரும் வேண்டாம் என்கிறார்கள்."

"ஏன்?"

"மரியாதை."

சைமன் சுவரில் சாய்ந்து மெதுவாக மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். டோரத்தி அம்மாள் சமையலறை வாசலில் நின்றார். மொழி புரியாவிட்டாலும் தலையாட்டல் புரிந்துவிட்டது. "பரவாயில்லை" என்றார். "பலகையை இறக்கிவிடு சைமன். இந்த வீட்டை யாருக்கும் பிடிக்கவில்லை."

"பிடிச்சிருக்கு."

சொன்னது ரஜனி. எல்லாரும் திரும்பினோம். அவள் கணவனைப் பார்க்கவில்லை.

"எனக்கு இந்த வீடு வேணும். எத்தினை வீடு மாறியாச்சு, ஒண்டிலயும் எனக்கு வேணும் எண்டு நான் சொன்னதில்லை. இது எனக்கு வேணும். தேவராசா அண்ணை, நீங்கள் மரியாதைக்கு வேண்டாம் எண்டு சொல்லுறியள். நான் மரியாதைக்கும் விட மாட்டன்."

அண்ணன் வாயைத் திறந்தார். மல்லிகா அக்கா அவர் கையைப் பிடித்து அமுக்கினார். "இதை முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை. இந்த மனுசன் உன்னோடை போட்டி போட்டிருப்பாரோ?"

ரஜனி டோரத்தி அம்மாளிடம் போனாள். ஜெர்மன் வாசமடிக்கும் தன் ஆங்கிலத்தில், அவசரப்படாமல் சொன்னாள். "உங்கள் சமையலறை சின்னது இல்லை. அந்த ஜன்னலில் காலை வெயில் வருகிறது. மாடிப்படி நன்றாக இருக்கிறது. தோட்டமும் நன்றாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் பிடித்ததை நல்லது என்று சொல்லப் பயப்படுவோம், சொன்னால் போய்விடும் என்று. எனக்கு நிறையப் போய்விட்டது. சொல்லாமல் இருந்தும் போய்விட்டது. அதனால் சொல்கிறேன். இது நல்ல வீடு."

டோரத்தி அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இரண்டு வாரமாக யாராவது இதைச் சொல்வார்களா என்று காத்திருந்தேன்" என்றார்.

சைமன் படியிலிருந்து எழுந்து, தொண்டையைச் செருமி, எந்த விலைக்கு என்று கேட்டான். அண்ணனைக் கடைசி நம்பிக்கையாக ஒரு பார்வை பார்த்தான். அண்ணன் விட்டத்தைப் பார்த்தார்.

"முதல் நாள் இவர்கள் சொன்ன விலைக்கு" என்றார் டோரத்தி அம்மாள். "அதற்கு மேல் ஏறியதெல்லாம் இந்த ஆண்களின் கிறுக்கு. அதை வாங்கிக்கொண்டு நான் எங்கே வைப்பேன்?"

அவர் ரஜனியின் கையைப் பிடித்து, மேலே ஓர் அலமாரிக் கதவு இருக்கிறது, அதைத் தூக்கித் திறக்க வேண்டும், எப்படி என்று காட்டுகிறேன் என்று அழைத்துப் போனார். நாங்கள் ஐந்து பேரும் கூடத்தில் நின்றோம். சைமன் எல்லாருக்கும் பிஸ்கட் நீட்டினான். அண்ணன் ஒன்றை எடுத்துப் பாதியை உடைத்து ஞானத்தின் கையில் வைத்தார்.

மேலே அலமாரிக் கதவு தடாலென்று எதன்மேலோ விழுந்தது. ஐயோ என்று ஒரு குரல், இன்னொரு குரலில் ஆங்கில ஐயோ. அடுத்து இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ரஜனி விழுந்து விழுந்து, மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தாள். வீடு முழுக்கக் கேட்டது.

ஞானம் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே மாடிப்படியைப் பார்த்தான்.

"மே மாசத்துக்குப் பிறகு இப்பத்தான் மச்சான்" என்றான்.